மாறாத இடங்களைத் தேடி: ஆஷ்வில் முதல் லிங்கன் வரை

திங்கள், ஆஷ்வில், வட கரோலினா

அமெரிக்காவின் வானிலைப் பதிவேடுகள் வந்து சேரும் ஊர் ஆஷ்வில். 1951-இல் நாட்டின் வானிலை ஆவணங்களை ஒரே கூரையின்கீழ் சேர்க்க முடிவு செய்தபோது, நகரின் நடுவிலுள்ள க்ரோவ் ஆர்கேட் என்னும் பழைய வணிகக் கட்டடம் அதற்கென ஒதுக்கப்பட்டது. 1990-களின் நடுவில் அந்த மையம் அருகிலுள்ள அரசுக் கட்டடத்துக்கு மாறியது. ஆர்கேடில் இப்போது உணவகங்களும் கைவினைக் கடைகளும் நடக்கின்றன. மையத்தின் இன்றைய பெயர் தேசிய சுற்றுச்சூழல் தகவல் மையங்கள். 'நோவா' எனப்படும் கடல், வளிமண்டல ஆய்வுத் துறையின் கீழ் அது இயங்குகிறது. 2024 செப்டம்பர் இறுதியில் ஹெலீன் புயல் இந்த மலைநகரை வெள்ளத்தில் ஆழ்த்தியபோது மையத்தின் இணையச் சேவைகளும் முடங்கின. நாட்டின் புயல்களையெல்லாம் கணக்கில் வைக்கும் இடத்தைப் புயல் வாய்மூட வைத்துவிட்டது. ஆற்றோரத் தெருக்களில் அந்த வெள்ளத்தின் அடையாளங்கள் இன்னும் தெரிகின்றன.

இந்தப் பயணத்தில் நான் பார்க்க விரும்பியது அலுவலகக் கட்டடங்களையல்ல. அமெரிக்கக் காலநிலை ஆதார வலையமைப்பு என்று ஒன்று இருக்கிறது. துறைக்குள் அதைச் சுருக்கமாக சி.ஆர்.என். என்பார்கள். அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக உள்ள 48 மாநிலங்களில் 114 நிலையங்கள் இதில் உண்டு. நாளை மழை வருமா என்று சொல்வது இவற்றின் வேலை அல்ல. ஐம்பது அல்லது நூறு ஆண்டுகள் கழித்து, இந்த நாட்டின் வெப்பமும் மழையும் மண்ணின் ஈரமும் எவ்வளவு மாறின என்ற கேள்வி எழும்போது ஐயத்துக்கு இடமில்லாத விடை தருவதற்காகவே இவை நிறுவப்பட்டன. அவற்றுள் சிலவற்றையாவது நேரில் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். வண்டி ஓட்ட என் மைத்துனர் முன்வந்தார். "தெர்மாமீட்டரைப் பார்க்கவா இவ்வளவு தூரம், அத்தான்?" என்று கேட்டுக்கொண்டேதான் முன்வந்தார்.

முதல் நிலையங்கள் 2000-இல் இங்கேதான் நிறுவப்பட்டன. ஒன்று ஊருக்குத் தென்மேற்கே வட கரோலினா மரப்பூங்காவில். மற்றொன்று தெற்கே மில்ஸ் ரிவர் என்னும் சிற்றூரில், மாநிலப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வுப் பண்ணையில். பெயர்களில் அலங்காரம் எதுவும் கிடையாது. அருகிலுள்ள ஊர், அங்கிருந்து எத்தனை மைல், எந்தத் திசை, அவ்வளவுதான். மரப்பூங்கா நிலையம் 'ஆஷ்வில் 8 தென்-தென்மேற்கு'. பண்ணை நிலையம் 'ஆஷ்வில் 13 தெற்கு'. 

மாலையில் பண்ணையின் அனுமதியோடு இரண்டாவது நிலையத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். வெட்டவெளிப் புல்தரை, நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் குறுக்குக் கைகளில் வெண்ணிறக் குழல்கள் மூன்று. காற்று அடங்கியபோது மெல்லிய ரீங்காரம் கேட்டது. ஒவ்வொரு குழலுக்குள்ளும் ஒரு பிளாட்டின மின்தடை வெப்பமானியும், வெளிக்காற்றை அதன்மீது ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கும் சிறிய மின்விசிறியும் உள்ளன. வெயிலில் குழல் சூடேறினாலும் வெப்பமானி காற்றின் வெப்பத்தை மட்டும் அளக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுகூடப் பதிவாகிறது. விசிறி தளர்ந்த பொழுதில் எடுத்த அளவை எவரும் நம்பிவிடக் கூடாது அல்லவா!

ஒரே இடத்தில் மூன்று வெப்பமானிகள் எதற்கு? ஒன்று மட்டும் இருந்தால், அது பொய் சொல்லத் தொடங்குவது யாருக்கும் தெரியாது. இரண்டு இருந்தால் வேறுபாடு தெரியும், ஆனால் எது பொய் என்று தெரியாது. மூன்று இருந்தால் இரண்டின் ஒற்றுமை மூன்றாவதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றுக்கொன்று 0.3 டிகிரி செல்சியசுக்கு மேல் விலகினால் கணினி உடனே அதைக் குறித்துக்கொள்கிறது.

செவ்வாய், ஓக் ரிட்ஜ் வழியாக கிராஸ்வில், டென்னசி

ஆஷ்விலிலிருந்து மேற்கே செல்லும் 40-ஆம் எண் நெடுஞ்சாலையை, பிஜன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஹெலீன் புயல் பல இடங்களில் அரித்துத் தின்றுவிட்டது. அங்கே வாகனங்கள் ஒற்றைத் தடத்தில் ஊர்ந்து சென்றன. ஓக் ரிட்ஜை அடைய மதியமாகிவிட்டது.

ஓக் ரிட்ஜ் என்றவுடன் அணுகுண்டு நினைவுக்கு வரும். 1942-இல் வரைபடத்தில் இல்லாத ரகசிய நகரமாக எழுந்த ஊர் இது. அணு ஆலைகளின் புகையும் கசிவும் எந்தப் பக்கம் பரவும் என்று அறிய வேண்டியிருந்ததால் வானிலை ஆய்வாளர்கள் இங்கே குடியேறினார்கள். அந்த வழியில் வந்த நோவாவின் ஆய்வுப் பிரிவுதான் இன்று சி.ஆர்.என். நிலையங்களை வடிவமைத்து, நிறுவி, பராமரிக்கிறது. எண்களைக் காப்பது ஆஷ்வில், கருவிகளைக் காப்பது ஓக் ரிட்ஜ் என்று வேலை பிரிந்திருக்கிறது. இங்கிருந்து புறப்படும் தொழில்நுட்பக் குழுக்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆண்டுதோறும் சென்று, பயன்பாட்டிலிருக்கும் வெப்பமானிகளைக் கழற்றி, ஆய்வகத்தில் சரிபார்த்தவற்றைப் பொருத்திவிட்டு வருகின்றன. நூறு ஆண்டுக் கணக்கு என்று பெருமையாகச் சொல்கிறோம். நடைமுறையில் அது ஆண்டுதோறும் யாரோ ஒருவர் திருகாணிகளைக் கழற்றி மாட்டுவதாகவே இருக்கிறது.

ஓக் ரிட்ஜிலிருந்து கம்பர்லாந்து பீடபூமி மீது ஏறினால் வழியில் நேர மண்டலம் மாறுகிறது. கிராஸ்வில்லில் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினோம். கிராஸ்வில் நிலையம் ஊருக்கு வடமேற்கே 7 மைலில், டென்னசி பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலத்தில் மேய்ச்சல் வெளிகளுக்கு நடுவே நிற்கிறது. அங்கே நின்றபோது, இந்த வலையமைப்பு தோன்றியதற்கான காரணங்களுள் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மைத்துனருக்கு விளக்க நேர்ந்தது. அதுவும் கடிகாரம் பற்றியதே.

1890-இல் அமெரிக்க வானிலைப் பணி இராணுவத்திடமிருந்து குடிமக்கள் துறைக்கு மாறியபோது தன்னார்வலர் வலையமைப்பு ஒன்று உருவானது. விவசாயிகளும் ஆசிரியர்களும் அஞ்சல்காரர்களும் தத்தம் வீட்டு முற்றத்தில் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானிகளை வைத்து, நாளொரு முறை அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பத்தைக் குறித்தார்கள். ஊதியமின்றித் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் நூறாண்டு வெப்பநிலை வரலாறு பெரும்பகுதி இவர்கள் கைப்பட எழுதியதுதான்.

இந்தப் பதிவுகளில் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. மாலை 5 மணிக்கு அளவெடுக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இன்று கொளுத்தும் வெயில். அவர் மாலையில் அளவைக் குறித்துக்கொண்டு வெப்பமானியை மீட்டமைக்கும்போதும் வெயிலின் சூடு தணியவில்லை. மறுநாள் மேகமூட்டம், குளிர்ந்த நாள். ஆனாலும் அவர் அடுத்த மாலை பார்க்கும்போது, கடந்த 24 மணி நேரத்தின் அதிகபட்சமாக நேற்று மாலையின் சூடே நிற்கிறது. ஒரே வெயில் இரண்டு நாள் கணக்கில் ஏறிவிட்டது. காலை 7 மணிக்கு அளவெடுப்பவருக்கு இதே பிழை தலைகீழாக நேரும். ஒரே குளிர் இரண்டு முறை எண்ணப்படும். மழையைக் காலையில் அளந்தால் ஆவியாகும் இழப்பு குறையும், வெள்ளக் கணிப்புக்கும் உதவும் என்பதால் இருபதாம் நூற்றாண்டில் தன்னார்வலர்கள் சிறுகச் சிறுக மாலையிலிருந்து காலைக்கு மாறினார்கள். விளைவாக, வானம் எதுவும் செய்யாமலேயே நாட்டின் பதிவேட்டில் செயற்கையான குளிர்ச்சி ஒன்று படிந்தது.

அதோடு முடியவில்லை. 1980-களின் நடுவில் மரப்பெட்டிகளுக்குப் பதிலாக மின்னணு வெப்பமானிகள் வந்தன. அவற்றைக் கம்பி வழியாக வீட்டுக்குள் இருந்தபடியே படிக்கலாம். கம்பி நீளாத இடங்களில் கருவி கட்டடத்தின் அருகே வந்துவிட்டது. மரப்பெட்டியை ஒப்பிட, புதிய கருவி அதிகபட்ச வெப்பத்தைச் சராசரியாக ஏறத்தாழ 0.4 டிகிரி குறைத்தும் குறைந்தபட்சத்தை 0.3 டிகிரி கூட்டியும் காட்டியது. நூறாண்டில் ஒரு டிகிரியையொட்டிய மாற்றத்தைத் தேடும்போது இது சின்ன விஷயம் அல்ல. புள்ளியியல் வழியில் இப்பிழைகளைத் திருத்த முடியும், திருத்தியும் இருக்கிறார்கள். ஆனால் திருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் "எண்களைத் திரிக்கிறார்கள்" என்று குரலெழுப்பக் காத்திருப்பவர்கள் உண்டு. சென்னையில் ஒரே நாளில் நுங்கம்பாக்கம் ஒரு வெப்பத்தையும் மீனம்பாக்கம் வேறொரு வெப்பத்தையும் காட்டுவதைச் செய்திகளில் கேட்டு வளர்ந்த எவருக்கும், இடம் எண்ணை மாற்றும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

திருத்தமே தேவைப்படாத அளவை முதலிலிருந்து எடுப்போம் என்பதுதான் சி.ஆர்.என். தந்த பதில். இங்கே கணினி இரண்டு விநாடிக்கு ஒரு முறை வெப்பமானிகளைப் படித்து, ஐந்து நிமிடச் சராசரியாக்கி, மணிக்கொரு முறை செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கத்துக்கு ஆட்படாத திட்ட நேரத்தில். யாரும் மாலையிலோ காலையிலோ வந்து பார்க்க வேண்டியதில்லை.

புதன், மாமத் குகை, கென்டக்கி

'பௌலிங் கிரீன் 21 வட-வடகிழக்கு' என்னும் நிலையம் மாமத் குகைத் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. நிலையங்களுக்கு இடம் தேடியவர்கள் முன்வைத்த முதற்கேள்வி, இந்த இடத்தின் சுற்றுப்புறம் ஐம்பது, நூறு ஆண்டுகளுக்கு இப்படியே இருக்குமா என்பதுதான். தனியார் நிலத்தில் நாளை வணிக வளாகம் வரலாம்; விமான நிலையத்தில் ஓடுபாதை நீளலாம். ஆகவே தேசியப் பூங்காக்கள், வனவிலங்குப் புகலிடங்கள், பல்கலைக்கழக ஆய்வு நிலங்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளின் புல்வெளிகள் ஆகியவற்றின் கதவுகளைத் தட்டினார்கள். ஆள்நடமாட்டமும் செயற்கைச் சூடும் இல்லாத, நிழல் விழாத, சமதளமான இடம் வேண்டும். கூடவே பராமரிப்பு வண்டி போகும் வழியும் வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் உட்படும் இடத்தில் சுற்றுலாப் பயணி படம் எடுக்கும்படி எதுவும் இருக்காது என்பதை மைத்துனரின் முகமே சொன்னது.

அவருக்காகக் குகைக்குள்ளும் இறங்கினோம். இதுவரை வரைபடமிடப்பட்டதே 680 கிலோமீட்டருக்கு மேல் நீளும், உலகின் மிக நீண்ட குகை இது. வாயிலிலிருந்து உள்ளே போகப் போகக் காற்று ஏறத்தாழ 12 டிகிரியில் நின்றுவிடுகிறது. ஆழமான பாறைக்குள் கோடையும் மாரியும் எட்டுவதில்லை. மேலே நிலப்பரப்பின் ஆண்டுச் சராசரி வெப்பத்தையொட்டிய ஒரு நிலையான வெப்பம் மட்டுமே உள்ளே தங்குகிறது. மேலே நிலையம் விநாடிக் கணக்கில் கூட்டி வகுத்துக் காண்பதைக் கீழே மலை சோம்பலாகத் தானே கணக்கிட்டு வைத்திருக்கிறது.

வியாழன், மிசௌரி

நாள் முழுவதும் வண்டியிலேயே கழிந்தது. செயின்ட் லூயிஸைத் தாண்டி கொலம்பியாவில் தங்கல். மழை விடாமல் பெய்ததால், நாளை பார்க்கப்போகும் மழைமானி பற்றி மட்டும் இரவில் குறிப்பெடுத்தேன்.

வெள்ளி, கொன்சா புல்வெளி, கன்சாஸ்

மன்ஹாட்டன் என்றால் நியூயார்க்கை நினைப்பவர்கள், கன்சாஸில் அதே பெயரில் ஒரு பல்கலைக்கழக ஊர் இருப்பதை அறிந்துகொள்ளலாம். அதன் தெற்கே பிளின்ட் குன்றுகளில் கொன்சா உயிரியல் ஆய்வு நிலையம் ஏறத்தாழ 3,487 ஹெக்டேரில் விரிகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லாத நெடும்புல்வெளி. ஏப்ரல் மாதமாதலால் சில குன்றுகள் கரிந்து கறுத்திருந்தன, சில சென்ற ஆண்டின் காய்ந்த புல்லோடு செம்பழுப்பாக இருந்தன. ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியை ஆண்டுதோறும் எரிப்பது, இன்னொன்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிப்பது, மற்றொன்றை இருபதாண்டு தீண்டாமல் விடுவது என்று இங்கே 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆய்வு நடக்கிறது. நெடுங்காலப் பொறுமைக்குப் பழகியவர்கள் என்பதால் சி.ஆர்.என். அமைப்பினருக்கு இங்கே இடம் கிடைப்பது எளிதாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

இங்கே மழைமானியை நெருங்கிப் பார்க்க முடிந்தது. தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ ஆட்டுப்பட்டி கட்டியிருப்பதாகவே தோன்றும். வெயிலிலும் மழையிலும் சாம்பல் நிறமாகிப்போன மரச்சட்டங்களாலான எண்கோண வேலி. அதற்குள் இன்னொரு எண்கோண வேலி. வெளிவேலியின் குறுக்களவு சுமார் 8 மீட்டர். உள்வேலிக்கும் உள்ளே, காற்றில் அசையும் உலோகத் தகடுகள் சூழ, ஒரு கனமான உருளை நிற்கிறது. இவ்வளவு கோட்டையும் காற்றைத் தடுப்பதற்காகத்தான். காற்று மழைமானியின் வாயருகே சுழன்றால் துளிகளும், குறிப்பாக இலேசான பனித்துகள்களும், உள்ளே விழாமல் ஒதுங்கிப் பறந்துவிடும். கன்சாஸ் சமவெளியில் காற்று எப்படி வீசும் என்பதை என் தொப்பி ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தது.

உருளைக்குள் ஒரு வாளி மூன்று மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. வாளியில் நீர் சேரச் சேரக் கம்பி இறுகும். இறுகிய கம்பியின் அதிர்வெண் உயரும். வீணையின் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுவது போலத்தான். அந்த அதிர்வெண்ணிலிருந்து வாளியின் எடையையும், எடையிலிருந்து மழையளவையும் கணக்கிடுகிறார்கள். கம்பிகள் மூன்று என்பதால் இங்கும் ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடாமலிருக்க உறைதடுப்புத் திரவமும், சேர்ந்த நீர் ஆவியாகாமலிருக்க மேலே எண்ணெய்ப் படலமும் வாளியில் இடப்படுகின்றன. ஈரத்தை உணரும் ஒரு சிறு தகடு வெளியே தனியாக உள்ளது. வாளியின் எடை கூடியும் தகடு நனையவில்லையென்றால், அதை மழை என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

தரைக்குக் கீழேயும் இவர்கள் காது வைத்திருக்கிறார்கள். 2009-க்கும் 2011-க்கும் இடையில், வறட்சியைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தின் துணையோடு, நிலையங்களில் மண்ணின் ஈரத்தையும் வெப்பத்தையும் அறியும் உணரிகள் புதைக்கப்பட்டன. 5, 10, 20, 50, 100 சென்டிமீட்டர் ஆழங்களில், ஒவ்வோர் ஆழத்துக்கும் மூன்று. பாறை குறுக்கிட்ட நிலையங்களில் மேல் ஆழங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். மழை பெய்தது என்பதும் மண் குடித்தது என்பதும் ஒன்றல்ல என்பது உழவர் எவருக்கும் தெரிந்ததுதான். அதை எண்ணாகத் தருவது இந்த உணரிகளே. நேற்றைய மழை கொன்சாவிலும் பெய்திருந்தது. காலடியில் மேல்மண் சொதசொதவென்றிருந்தாலும் ஒரு மீட்டர் ஆழத்தில் அது போய்ச் சேர இன்னும் நாளாகலாம்.

சனி, லிங்கன், நெப்ராஸ்கா

கன்சாஸிலிருந்து வடக்கே, விதைப்புக்குத் தயாராகும் சோள வயல்களினூடே லிங்கன் வந்தோம். இந்த ஊரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆஷ்விலைப் போலவே இங்கும் நிலையங்கள் இரட்டை. ஒன்று ஊருக்குக் கிழக்கு-வடகிழக்கே 8 மைலில் பல்கலைக்கழகத்தின் பிரெய்ரி பைன்ஸ் இயற்கைக் காப்பிடத்தில். மற்றொன்று தென்மேற்கே 11 மைலில், பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கத்தின் ஸ்பிரிங் கிரீக் புல்வெளியில். இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வலையமைப்பின் தொடக்க ஆண்டுகளில், அருகருகே உள்ள இரண்டு நல்ல இடங்கள் எந்த அளவுக்கு ஒரே கதையைச் சொல்கின்றன என்று அறியவே நாட்டின் சில இடங்களில் இப்படி இரட்டையாக நிறுவினார்கள்.

ஸ்பிரிங் கிரீக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிப் போன மாட்டுவண்டிகளின் தடங்கள் புல்லுக்கடியில் இன்றும் பள்ளமாகத் தெரிகின்றன. உழப்படாத நிலம் என்பதால்தான் தடங்கள் தப்பின. அதே காரணத்துக்காகத்தான் நிலையமும் அங்கே நிற்கிறது.

இரவு விடுதியில் இரண்டு நிலையங்களின் மணிவாரி அளவுகளையும் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். இவை யாரும் கட்டணமின்றி எடுக்கக்கூடிய கோப்புகள். பிற்பகல் முழுவதும் இரண்டு வரிகளும் கிட்டத்தட்ட ஒட்டியே சென்றன. சூரியன் மறைந்து காற்று ஓய்ந்த பிறகு விலகத் தொடங்கின. தெளிந்த இரவில் குளிர்காற்று தாழ்வான இடங்களில் தேங்குவதால், நிலத்தின் சிறு மேடுபள்ளம்கூட எண்ணை மாற்றிவிடுகிறது. குறையற்ற கருவிகள் இரண்டும் உண்மையே சொல்கின்றன, ஆனாலும் எண்கள் வேறு. காலநிலை மாற்றத்தைக் கணக்கிடுபவர்கள் வெறும் வெப்பத்தை எடுக்காமல், ஒவ்வோர் இடமும் தன் சொந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்பதை எடுப்பது இதனால்தான்.

மைத்துனர் கேட்ட கேள்வி நியாயமானது: இத்தனை செலவும் கவனமும் கடைசியில் எதைக் காட்டின? நிலையங்களின் அளவுகளையெல்லாம் திரட்டி நாட்டின் வெப்பத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் சி.ஆர்.என். குறியீடு 2005 சனவரியிலிருந்து கிடைக்கிறது. அதைப் பழைய தன்னார்வலர் வலையமைப்பின் திருத்தப்பட்ட தொடரோடு வைத்தால், இரண்டும் மாதத்துக்கு மாதம் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, திருத்தாத பழைய அளவுகளைவிடத் திருத்திய அளவுகளே சி.ஆர்.என். அளவுகளுக்கு நெருக்கமாக உள்ளன என்று நிலையம் நிலையமாக ஒப்பிட்டுக் காட்டியது. ஆகவே, திருத்தமே வேண்டாம் என்பதற்காகக் கட்டப்பட்ட வலையமைப்பு, பழைய திருத்தங்களுக்குச் சாட்சி சொல்ல வந்துவிட்டது. விவசாயிகளும் அஞ்சல்காரர்களும் எழுதிய நூறாண்டுக் கணக்கை இது தள்ளிவைக்கவில்லை, அதற்கு வலு சேர்த்திருக்கிறது. எனக்கு இதுவே இந்தப் பயணத்தின் பெரிய செய்தி.

என்றாலும் இதன் வயது குறைவு. காலநிலையின் இயல்பு அளவைக் கணக்கிட முப்பது ஆண்டுப் பதிவை எடுப்பது உலக வழக்கம். நாட்டுக் குறியீட்டுக்கு அது 2034 இறுதியில்தான் நிறையும். அதுவரை ஒவ்வோர் ஆண்டும் ஓக் ரிட்ஜிலிருந்து வண்டிகள் புறப்பட வேண்டும், அதற்கான நிதியும் ஒதுக்கப்பட வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஒரு வார்த்தை: நிலத்துக்குரியவர்களிடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுமதி கேளுங்கள், வேலியைத் தாண்டாதீர்கள். மண் உணரிகளுக்கு மேலே நீங்கள் நடந்தால் மண் இறுகும், புல் சாயும், அந்த இடத்தின் கணக்கில் உங்கள் காலடியும் சேர்ந்துவிடும்.